ஊரைவிட்டுப் போய் எழுதுவது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை, அப்புறம் சிங்கப்பூரில் கொஞ்ச காலம், இப்போது மறுபடியும் ஊர். கதை எழுதுகிறேன். தருமபுரி புத்தகத் திருவிழாவிலும் கிருஷ்ணகிரிக் கல்லூரிக் கூட்டங்களிலும், சில சமயம் ஒகேனக்கல் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்தும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

வெளிநாடு போய் வந்தால்தான் நல்ல எழுத்து வருமா?

இல்லை. இடைசெவலில் உட்கார்ந்துகொண்டு கி. ராஜநாராயணன் எழுதிய கரிசல் கதைகளுக்கு எந்த விசாவும் தேவைப்படவில்லை. உலகத்தையே சுற்றிவிட்டு, ஏர்போர்ட்டில் காபி என்ன விலை என்பதற்கு மேல் ஒரு வரி எழுத வராதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் போனவர்களுக்கு என்னதான் கிடைக்கிறது?

மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்பினார்கள். பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "புகையிலை போடுவீர்களா?" என்று கேட்டார். நான் புகையிலையைத் தொட்டதே கிடையாது. முன்பற்களில் குறுக்கே ஓடும் பழுப்புக் கோட்டைத்தான் அவர் கேட்டார். தருமபுரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் குடித்து வளர்ந்த பலருக்கும் அது உண்டு. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எங்கள் பக்கத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் அதைத் தாண்டிவிட்டது. ஈறுக்குள் பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறையும் பல்லோடு சேர்ந்தே வந்துவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013-ல் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கோடு இருந்தது. அதனாலேயே யாரும் யாருடைய பல்லையும் கவனித்தது கிடையாது. அந்த நர்ஸ் கேட்ட அன்று ராத்திரி என் சித்தி ஞாபகத்துக்கு வந்தார். சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். "அவளுக்கு ரொம்ப வெட்கம்" என்று வீட்டில் சொல்வார்கள். பெண் பார்க்க வருகிற வீட்டார் முன்னால் அவர் எத்தனை முறை அப்படிப் பொத்தியிருப்பார் என்று யோசித்தபோது ஒரு கதையே கண் முன் வந்து நின்றது. ஊரிலேயே இருந்திருந்தால் எனக்கு அது வெட்கமாகவே இருந்திருக்கும்.

நமக்கு இது புதிதும் இல்லை. தகடூர் என்ற பெயரில் இந்தத் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டினான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவை அதைத்தான் பாடுகிறார்: இங்கே இருப்பவை மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுடைய பெரிய மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே இருப்பவையோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. தகடூர்ப் பட்டறையில் ஒடிந்த வேல்களை அவர் எத்தனையோ தடவை பார்த்திருப்பார். அதற்கு ஒரு பாட்டு பிறக்க, பளபளவென்று எண்ணெய் போட்ட வேல்களை வேறு ஊரில் பார்க்க வேண்டியிருந்தது. பாட்டு தொண்டைமானைப் புகழ்வது மாதிரியே இருக்கும், அதை வைத்தே அடித்திருப்பார். அந்த மாதிரி அடி அயலூரில் நின்றால்தான் கைக்கு வரும்.

ஊரைவிட்டு ரொம்ப நாள் இருந்தால் ஊர் ஞாபகம் மங்கிவிடாதா?

மங்குவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. இனிக்க ஆரம்பித்துவிடும், அங்கேதான் சிக்கல். வளைகுடாவில் இருந்து எழுதப்படும் கிராமத்துக் கதைகளை எடுத்துப் பாருங்கள். மழை பெய்துகொண்டே இருக்கும், ஆற்றில் தண்ணீர் ஓடும், அம்மா சமைத்துக்கொண்டே இருப்பார், தாய்மாமன் தங்கமானவராக இருப்பார். வட்டிக்காரர் எங்கே போனார்? காய்ந்த போர்வெல் எங்கே? தனி டம்ளர் வைத்த டீக்கடை எங்கே? இவற்றிலிருந்து தப்பித்தானே விமானம் ஏறினோம்.

இதற்கு வைத்தியம் பிடிவாதமாக விவரம் கேட்பது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904-ல் டப்ளினை விட்டுப் போனவர். யூலிசஸ் நாவலை ட்ரியெஸ்ட், ஜூரிச், பாரிஸ் என்று மூன்று ஊர்களில் இருந்து எழுதினார். நாவல் நடப்பது முழுக்க டப்ளினில், 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளில். ஊரில் இருந்த அத்தைக்குக் கடிதம் போட்டு, எக்கிள்ஸ் தெரு 7-ஆம் நம்பர் வீட்டுக் கம்பி வேலியை ஒரு சாதாரண ஆள் ஏறித் தாண்டி, அடிபடாமல் கீழே குதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவர் பாத்திரம் அப்படிக் குதித்தாக வேண்டும், அதனால் கேள்வி. நமக்கு அத்தைக்குப் பதில் வாட்ஸ்அப் இருக்கிறது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏலம் எத்தனை மணிக்குத் தொடங்கும், இன்றைக்குக் கூடை என்ன விலை என்று மச்சானைக் கேட்டால் வாய்ஸ் மெசேஜில் சொல்லப்போகிறார். கேட்க மாட்டேன் என்கிறோம், அதுதான் குறை.

அசோகமித்திரன் செகந்திராபாத்தைவிட்டு 1952-ல் சென்னைக்கு வந்தார். செகந்திராபாத்தைப் பற்றிய 18வது அட்சக்கோடு நாவல் வந்தது 1977-ல். இடையில் இருபத்தைந்து வருஷம். ஆனாலும் அந்த நாவலில் ஊர் எங்குமே இனிக்கவில்லை, அதனால்தான் இன்றைக்கும் அதைப் படிக்க முடிகிறது.

டூர் போய் வந்தால் போதாதா? வாழ்ந்தே ஆக வேண்டுமா?

டூரில் கிடைப்பதும் எழுத்துதான், ஆனால் அது வேறு ரகம். ஏ.கே. செட்டியார் ரங்கூனில் பத்திரிகை நடத்தினார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோகிராஃபி படித்தார், காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாகப் போய் 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்டார். அவர் பயணக் கட்டுரைகளில் கட்டடத்தைவிட மனிதர்கள்தான் அதிகம். போர்ட்டர், ஹோட்டல்காரர், ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் என்று சின்னச் சின்ன ஆட்கள். வந்த இடத்தில் வாயைத் திறந்து நாலு பேரிடம் பேசுகிறவருக்கு ஒரு வாரம்கூடப் போதும்.

தங்கி வாழ்ந்தால்தான் கிடைக்கும் விஷயம் ஒன்று உண்டு: சலிப்பு. மூன்றாம் வருஷம் ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் அந்த ஊர் உங்கள் மீது அக்கறை இல்லாமல் ஓடுவது புரியும். சுற்றுலாப் பயணிக்கு அந்த ஊர் எப்போதும் சிரித்த முகம்தான்.

கல்ஃபில் கூலி வேலைக்குப் போகிறவன் எழுத முடியுமா? நேரமே கிடைக்காதே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், நம் மாவட்டத்தில் அதில் ஆச்சரியமில்லை. நேரம் கிடைக்காது என்பது உண்மைதான். விடிகாலையில் கேம்ப் பஸ், சாயங்காலம் திரும்பி வந்தால் குளியலுக்கு வரிசை, அடுப்புக்கு வரிசை, அப்புறம் வீட்டுக்கு போன். மிஞ்சுவது வெள்ளிக்கிழமை. அதிலும் பாதி துணி துவைக்கப் போய்விடும்.

புறநானூற்று 206-ஆம் பாட்டை மேடையில் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். பரிசில் தரத் தாமதித்த அதியமானின் வாசலில் நின்று, "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று ஔவை கோபமாகப் பாடியது. எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் சோறு இருக்கிறது என்றார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும்போது எத்திசையும் கிடையாது, ஒரு திசைதான். அவன் எழுத்து ஔவையின் மிடுக்கோடு வராது. அடக்கி, சுற்றி வளைத்து, சிரிப்பில் மறைத்து வரும். வரட்டும், அதுவும் ஒரு நடைதான்.

முதலில் முழுக் கதை எழுத முயலாதீர்கள். என் அறையில் வங்கதேசத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஊரிலிருந்து கொண்டுபோன ராகி மாவில் ஒருநாள் களி கிளறினேன். நொய் வெந்ததும் மேலே மாவைக் குவித்து, நடுவில் குழி போட்டு, கொதி மேலே வரும்வரை விட்டு, பிறகு துடுப்பால் அழுத்தி அழுத்திக் கிளறுவதை அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "வீடு கட்டப் போகிறாயா?" என்றார். ஒரு உருண்டை கொடுத்தேன். மெல்லத் தொடங்கினார். மெல்லாதே, குழம்பில் புரட்டி விழுங்கு என்றேன். ஏன் மெல்லக்கூடாது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சோறை மெல்லாமல் விழுங்கும் நாடு எது என்று அவர் அறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பதிலுக்கு அவர் ஊரில் ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுவதைச் சொன்னார். பாந்தா பாத் என்று அதற்குப் பெயர். நம் பழைய சோறேதான். அன்று ராத்திரி அதை மட்டும், நடந்தபடி, செல்போனில் தட்டி வைத்தேன். கதை என்று நினைத்து எழுதவில்லை. இப்படிச் சேர்ந்த துண்டுகள்தான் பிற்பாடு உதவின. கை ஓய்ந்திருந்தால் வாயால் பேசிப் பதிவு செய்துவிடுங்கள், எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலையாளத்தில் ஆடுஜீவிதம் எழுதிய பென்யாமின் பஹ்ரைனில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்தான். சிங்கப்பூரில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கென்றே 2014 முதல் கவிதைப் போட்டி நடத்தினார்கள். அ. முத்துலிங்கத்தின் முதல் சிறுகதைத் தொகுப்பு 1964-ல் வந்தது. பிறகு ஆப்பிரிக்கா, பாகிஸ்தான் என்று வேலை இழுத்த பக்கமெல்லாம் போனார். அடுத்த தொகுப்பு 1995-ல்தான். இடையில் முப்பது வருஷம் புத்தகமே இல்லை. அப்புறம் அந்த நாடுகள் எல்லாம் வரிசையாகக் கதையாக வந்தன. ஆகவே பத்து வருஷம் எழுதவில்லை என்று தலையில் கை வைக்க வேண்டாம்.

நான் பெங்களூரில் வேலை செய்கிறேன். அதெல்லாம் வெளிநாடு கணக்கில் வருமா?

பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் கடைப் போர்டின் எழுத்து மாறுகிறது, கண்டக்டரிடம் பேசும் தொனி மாறுகிறது, நீங்கள் யார் என்பதும் கொஞ்சம் மாறுகிறது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்களை எரித்தார்கள். எல்லையில் வண்டிகள் நின்றுபோய், மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர்ப் பக்கம் நடந்தே வந்தார்கள். அதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல நாவல் எழுத வேண்டியவர் யார்? துபாயில் இருப்பவரா, சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் நீங்களா?

பாரதி இதற்குச் சரியான உதாரணம். 1908-ல் அவர் போய்ச் சேர்ந்த புதுச்சேரி அன்றைக்குச் சட்டப்படி பிரெஞ்சு நாடு. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அங்கே இருந்து வந்தவை. 1918 நவம்பரில் அங்கிருந்து கிளம்பியவரைக் கடலூர் அருகே பிடித்துவிட்டார்கள். பெங்களூரைவிட அது தமிழ்நாட்டுக்குப் பக்கம்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடம், பக்கத்துத் தெருவில் உருது என்று வளர்ந்த பிள்ளைக்கு, ஒரே விஷயத்தை நாலு வீட்டில் நாலு விதமாகப் பார்ப்பார்கள் என்பது பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். மற்றவர்கள் விமானம் ஏறிக் கற்கும் பாடத்தில் முதல் அத்தியாயம் அது. ஆனால் எங்கள் பக்கத்து எழுத்தாளர்கள் கதையில் எல்லோரையும் ஒரே சுத்தத் தமிழில் பேச வைத்து அந்த வசதியைக் கெடுத்துவிடுகிறார்கள்.

போகாமலே ஒரு நாட்டைப் பற்றி எழுதலாமா?

பாட்டு எழுதலாம். பாரதி ஃபிஜித் தீவுக்குப் போனதில்லை, ஆனாலும் அங்கே கரும்புத் தோட்டத்தில் தவித்த நம் பெண்களைப் பற்றிய பாட்டு இன்றைக்கும் நெஞ்சைப் பிசைகிறது. அதில் அந்தத் தீவின் மரம், மட்டை, தெரு எதுவும் கிடையாது, புலம்பலுக்கு அவை தேவையும் இல்லை. நாவலுக்கு அது போதாது. அங்கே டீ எப்படிப் போடுவார்கள் என்பது தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

அங்கே இருக்கும்போதே எழுதுவதா, திரும்பி வந்தா?

குறிப்பு அங்கே, கதை இங்கே. இது என் வழக்கம், சட்டமில்லை. ப. சிங்காரம் இளவயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய், போர்க்காலத்தையும் அங்கேயே பார்த்துவிட்டு 1946-ல் திரும்பினார். மதுரையில் பத்திரிகை ஆபீஸ் வேலை. கடலுக்கு அப்பால் 1959-ல், புயலிலே ஒரு தோணி 1972-ல் வந்தது. மேடான் தெருக்கள் அத்தனை துல்லியமாக இருக்கும் ஒரு நாவல் மதுரையின் ஒரு அறையிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றும் வியப்புதான். அசோகமித்திரனும் 1973-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் முகாமுக்குப் போய்வந்து, ஊரில் உட்கார்ந்துதான் அதை ஒற்றன் என்ற நாவல் ஆக்கினார். அதில் அமெரிக்கா கொஞ்சம்தான், பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் அடைந்து கிடந்து படும் பாடுதான் நிறைய.

குறிப்பில் எதை எழுதுவது என்றால், உணர்ச்சியை விட்டுவிடுங்கள், அது தானாக ஞாபகம் இருக்கும். விலை, நேரம், வரிசை, யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பவைதான் முதலில் காணாமல் போகும். குப்பூஸ் ரொட்டி பாக்கெட் என்ன விலை, சூப்பர்வைசர் நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா, நம்பர் சொல்லியா?

அகதியாகப் போனவர்களின் எழுத்தும் நம் எழுத்தும் ஒன்றா?

ஒன்றில்லை, ஒன்றாக்கவும் கூடாது. நமக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. பாரிஸில் இருந்துகொண்டு 2001-ல் கொரில்லா நாவலை எழுதிய ஈழத்தவர் ஷோபாசக்திக்கு அது கிடையாது. ஈழத்தவர் எழுத்தைப் படித்த பிறகு என் ஊர் ஏக்கக் கதைகள் சிலவற்றை நானே ஓரம் வைத்தேன். லீவில் ஊருக்கு வந்து, மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் போய் நாடு கடத்தப்பட்டவன் மாதிரி எழுதினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

தமிழ் மறந்து போகாதா?

தமிழ் அப்படியே இருக்கும். நீங்கள் கிளம்பிய வருஷத்துப் பேச்சிலேயே அது நின்றுவிடும். கதையில் வரும் இருபது வயதுப் பையன் உங்கள் காலத்துப் பையன் மாதிரி பேசுவான். லீவில் வரும்போது காலேஜ் பஸ்ஸில் ஒருமுறை ஏறி உட்கார்ந்து சும்மா கேளுங்கள், போதும்.

வெளிநாட்டுக்காரர் நம் ஊருக்கு வந்து எழுதியது உண்டா?

உண்டு. மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பிறகு 1792-ல் இந்தப் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரியின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பிற்பாடு சென்னை கவர்னர். 1799 வரை இந்தப் பக்கம்தான் இருந்தார். தருமபுரியில் அவர் போட்ட தோட்டத்தைப் பற்றிய கடிதங்கள் இருக்கின்றன, ஊரில் நினைவுத்தூணும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அடுத்து கனரா கடற்கரைக்கு மாற்றியதும் அங்கிருந்து பாராமகாலை நினைத்து ஏங்கிக் கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரருக்கே தருமபுரி சொந்த ஊர் ஏக்கமாகிவிட்டது.

கூட வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுதினால் பிரச்சினை வருமா?

வரலாம், யோசித்து எழுதுங்கள். அங்கே இருக்கும்வரை ஃபேஸ்புக்கில் கம்பெனியைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். வளைகுடா நாடுகளில் இணையப் பதிவுகளுக்கான சட்டங்கள் கடுமையானவை. அமீரகத்தில் ஒருவரை அனுமதி இல்லாமல் போட்டோ எடுத்துப் போடுவதே குற்றம். கதையில் பேரை மட்டும் மாற்றினால் போதாது. கேம்பில் ஒரு லாரி டிரைவர் ஒரு கண் சரியில்லாதவர் என்றால், அறுபது பேருக்கு அவர் யாரென்று தெரியும். வேலையை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், இரண்டு ஆட்களை ஒருவராக்குங்கள். ஊருக்கு அனுப்பிய பணம், மறைத்த நோய், அங்கே வைத்திருந்த உறவு போன்றவற்றை அவர் வீட்டார் படிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நான் எழுதி முடித்தவற்றில் இரண்டு கதைகள் இந்தக் காரணத்துக்காகவே இன்னும் பெட்டியில் இருக்கின்றன. சம்பந்தப்பட்டவரிடம் போனில் கேட்டேன். ஒருவர், "என் பையன் காலேஜ் முடிக்கட்டும், அப்புறம் போடு" என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.